வைத்தியர் சிரித்தால், வாத்தியார் சிரித்தால்

"வாய் விட்டுச் சிரித்தால் நோய் விட்டுப் போகும்" என்ற பழமொழியைக் கேள்விப்படாத தமிழர் இருக்க முடியாது. நாள்காட்டித் தாளின் அடியில் அதை அச்சடிக்கிறார்கள். நகைச்சுவை மன்றக் கூட்டங்களில் தலைவர் பேச்சு அதில்தான் தொடங்கும். ஆனால் சிரிக்க வேண்டியவர் யார், யாரைப் பார்த்துச் சிரிப்பது என்பதைப் பழமொழி சொல்வதில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் சிரிப்பது வேறு, நோயாளி சிரிப்பது வேறு. வகுப்பில் வாத்தியார் சிரிப்பது வேறு, பையன்கள் சிரிப்பது வேறு. எழுபதைத் தாண்டிய நமக்கு வகுப்பறை பழங்கதையாகிவிட்டது. டாக்டர் அறைதான் இப்போது நம் வகுப்பறை. அதனால் இந்த விஷயத்தைக் கொஞ்சம் விவரமாகப் பார்க்கலாம் என்று தோன்றியது.

பிரான்சிலிருந்து தொடங்குகிறேன். எனக்குத் தெரிந்த வழி அதுதான்.

14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆன்ரி தெ மொந்துவீல் என்று ஓர் அறுவை வைத்தியர் இருந்தார். நாலாம் பிலிப் அரசருக்கு வைத்தியம் பார்த்தவர். மோன்பெலியேயிலும் பாரீசிலும் மாணவர்களுக்குப் பாடம் சொன்னவர். 1306இல் லத்தீனில் ஓர் அறுவை சிகிச்சை நூலை எழுதத் தொடங்கினார். முழுவதும் முடிக்காமலேயே 1320 வாக்கில் காலமானார். காயத்தை எப்படிக் கழுவுவது, எப்படிக் கட்டுவது என்றெல்லாம் சொல்லிக்கொண்டு போகிற அந்த நூலில், நோயாளியின் மனசை எப்படி வைத்திருப்பது என்பதற்கும் யோசனை இருக்கிறது. உறவினரும் நெருங்கிய நண்பர்களும் பக்கத்தில் இருந்து அவரை உற்சாகப்படுத்த வேண்டும். யாராவது ஒருவர் வேடிக்கைக் கதைகள் சொல்ல வேண்டும். வாத்தியம் வாசிக்கச் செய்யலாம்.

அதோடு நிற்கவில்லை. நோயாளியின் விரோதி செத்துப்போனான் என்று பொய்க் கடிதம் ஒன்று எழுதிக் காட்டலாம் என்கிறார். நோயாளி பாதிரியாராக இருந்தால், உங்களை ஆயராகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள் என்று சொல்லலாமாம்! இதைப் படிக்கும்போது நமக்கே சிரிப்பு வருகிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இங்கே நோயாளிக்கு மகிழ்ச்சி ஒரு மருந்து மாதிரி கொடுக்கப்படுகிறது. எந்த மருந்து, எந்த அளவு என்று முடிவு செய்பவர் வைத்தியர். நோயாளி வாயைத் திறந்து விழுங்க வேண்டியதுதான். அது பொய்யா நிஜமா என்று கேட்கிற உரிமை அவருக்கு இல்லை.

இரண்டு நூற்றாண்டுக்குப் பிறகு அதே மோன்பெலியேயில் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் பிரான்சுவா ரபலே. 1530இல் அங்கே மருத்துவப் படிப்பில் சேர்ந்தார். 1532இல் லியோன் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் வைத்தியராக வேலை பார்த்தார். அந்த ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த காலத்தில்தான், ராட்சதர்களைப் பற்றிய தம் பிரசித்தமான வேடிக்கைக் கதைகளையும் எழுதத் தொடங்கினார். பள்ளிக்கூடத்தில் ரபலேயை எழுத்தாளராக மட்டும் படித்தவர்களுக்கு, அவர் பகலில் நாடி பிடித்துக்கொண்டிருந்தவர் என்பது நினைவில் இருப்பதில்லை. 1552இல் வெளியான தம் நாலாவது புத்தகத்தின் சமர்ப்பணத்தில், தாம் நேரில் போய்ப் பார்க்க முடியாத நோயாளிகளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கட்டும் என்றே இவற்றை எழுதியதாகச் சொல்கிறார். வைத்தியரின் முகம் கடுகடுவென்று இருந்தால் நோயாளி துவண்டு போவார், மலர்ந்து இருந்தால் தெம்பு அடைவார் என்ற பழைய மருத்துவக் கருத்தையும் அங்கே விவாதிக்கிறார்.

இன்னொருவர் லோரான் ழூபேர். மோன்பெலியே மருத்துவப் பள்ளியின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர். 1579இல் சிரிப்பைப் பற்றியே ஒரு தனி நூல் வெளியிட்டார். சிரிக்கும்போது இதயம் என்ன ஆகிறது, உதரவிதானம் எப்படி ஆடுகிறது, ஏன் கண்ணீர் வருகிறது, சிரித்துச் சிரித்தே ஒருவர் இறக்க முடியுமா என்றெல்லாம் ஆராய்கிறார். அதில் ஒரு குரங்குக் கதை வருகிறது. கடுமையான காய்ச்சலில் கிடந்த ஒருவருக்கு வைத்த கசப்பு மருந்தை, வீட்டில் வளர்த்த குரங்கு எடுத்து வாயில் வைத்ததாம். முகத்தைச் சுளித்ததாம். மறுபடியும் ருசி பார்த்ததாம், மறுபடியும் சுளித்ததாம். படுத்திருந்தவர் அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார், காய்ச்சல் விட்டது என்று போகிறது கதை. மருந்தைக் குடித்தது குரங்கு, குணமானது மனிதர்!

ழூபேரிடம் எனக்குப் பிடித்த விஷயம் குரங்கு அல்ல. அவர் பிரெஞ்சில் எழுதினார். அந்தக் காலத்தில் மருத்துவம் என்றால் லத்தீன்தான். சிரிப்பு நூலுக்கு ஒரு வருஷம் முன்னால், மருத்துவத்தில் ஜனங்கள் நம்பி வந்த தவறான கருத்துகளைப் பற்றி அவர் பிரெஞ்சில் ஒரு நூல் வெளியிட்டபோது பெரிய கூச்சல் எழுந்தது. உடம்பின் அந்தரங்க விஷயங்களை எல்லாரும் படிக்கிற மொழியில், அதுவும் ஓர் அரசிக்குச் சமர்ப்பணம் செய்து எழுதுவதா என்று கண்டித்தார்கள். நோயாளிக்குப் புரிகிற மொழியில் பேசுவது அன்றைக்கு அவ்வளவு துணிச்சலான காரியம்.

அந்த லத்தீன் சுவரைச் சிரிப்பால் இடித்தவர் மொலியேர். நம் ஊரில் பிரெஞ்சு வழியில் படித்த யாருக்கும் அவரை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. 1666இல் அடி தாங்க முடியாமல் டாக்டராகிவிடுகிற விறகுவெட்டியின் நாடகம். வாயில் வந்ததை லத்தீன் மாதிரி உளறுவான், கேட்பவர்கள் அசந்து போவார்கள். 1673இல் தன்னை நோயாளி என்று நினைத்துக்கொண்டு மருந்துக்கடைக் கணக்கைக் கூட்டிக்கொண்டே இருக்கும் மனிதரின் நாடகம். அந்த நோயாளி வேஷத்தில் நடித்தவர் மொலியேரே. நிஜமாகவே அவருக்கு நெஞ்சு நோய் இருந்தது. பிப்ரவரி 17ஆம் தேதி, நாலாவது நாள் ஆட்டம் முடிந்த சில மணி நேரத்தில் இறந்துவிட்டார்.

அந்த நாடகத்தின் கடைசியில் ஒருவருக்கு டாக்டர் பட்டம் கொடுக்கும் காட்சி வரும். கேள்வி எதுவானாலும் பதில் ஒன்றுதான்: முதலில் குடலைக் கழுவு, அப்புறம் ரத்தம் எடு, அப்புறம் பேதிக்குக் கொடு. எல்லாம் அரைகுறை லத்தீனில். சபையே எழுந்து சிரிக்கும். மொந்துவீல் காலத்தில் வைத்தியர் நோயாளிக்குச் சிரிப்பை ஊட்டினார். மொலியேரிடம் நோயாளிகள் வைத்தியரைப் பார்த்துச் சிரித்தார்கள். புரியாத மொழியில் பேசி மிரட்டுகிறவரிடம் சாதாரண மனிதன் காட்டக்கூடிய எதிர்ப்பு அது ஒன்றுதான்.

சிரிப்புக்கு இன்னொரு முகமும் உண்டு. 1900இல் ஆன்ரி பெர்க்சோன் என்ற தத்துவ அறிஞர் சிரிப்பைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். பிற்காலத்தில், 1927ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு பெற்றவர். சிரிப்பு தனி மனிதனின் காரியம் அல்ல, கூட்டத்தின் காரியம் என்பது அவர் வாதம். கூட்டத்தோடு ஒட்டாமல், இயந்திரம் மாதிரி விறைப்பாக நடந்துகொள்கிறவனைத் திருத்துவதற்குச் சமூகம் பயன்படுத்துகிற சாட்டை அது. சாட்டை என்றால் வலிக்கத்தான் வேண்டும், வலிக்காவிட்டால் திருந்த மாட்டான் என்பது உள்ளடக்கம்.

நம் தொல்காப்பியரும் இதை அறிந்திருந்தார். மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளுக்குள் நகையை முதலில் வைத்தார். அந்த நகை பிறக்கும் நான்கு இடங்களைச் சொல்லும்போது முதலிடத்தில் எள்ளலை வைத்தார். பிறரைக் கேலி செய்வதும் பிறரால் கேலி செய்யப்படுவதும் இரண்டுமே இதில் அடங்கும் என்று உரைகாரர் விளக்கினார். ஆக, கேலியும் சிரிப்பும் ஒரே வீட்டில் குடியிருப்பவை என்பது பாரீசிலும் தெரியும், இங்கேயும் தெரியும்.

பெர்க்சோன் சொன்ன சாட்டையைப் பள்ளிக்கூடத்தில் பார்த்திருக்கிறேன். பிரெஞ்சில் தெரு என்ற சொல்லும் சக்கரம் என்ற சொல்லும் நம் காதுக்கு ஒரே மாதிரி "ரூ" என்றுதான் விழும். உதட்டைக் குவித்துக்கொண்டு 'ஈ' சொல்வது போலச் சொன்னால் தெரு. சாதாரணமாக 'ஊ' சொன்னால் சக்கரம். என் வகுப்புப் பையன் ஒருவன் தான் குடியிருக்கும் தெருவின் பெயரைச் சொல்லப்போய், சக்கரம் என்று சொல்லிவிட்டான். "எந்தச் சக்கரத்தில் குடியிருக்கிறாய்? முன் சக்கரமா, பின் சக்கரமா?" என்று வாத்தியார் கேட்டார். வகுப்பே குலுங்கியது. அந்த வருஷம் முழுவதும் அவனுக்குப் பெயர் சக்கரம். கணக்கில் கெட்டிக்காரன். ஆனால் அந்த வாத்தியார் வகுப்பில் அவன் அப்புறம் வாயைத் திறந்து நான் பார்க்கவில்லை.

இன்னொரு வாத்தியார் அதே எழுத்தை வேறு மாதிரி சொல்லிக்கொடுத்தார். மொலியேரின் 1670ஆம் வருஷத்து நாடகம் ஒன்றில், திடீர்ப் பணக்காரர் ஒருவருக்குத் தத்துவ ஆசான் உயிரெழுத்துகளை உச்சரிக்கக் கற்றுத்தரும் காட்சி உண்டு. வாயை எவ்வளவு திறப்பது, உதட்டை எப்படி நீட்டுவது என்று விலாவாரியாகப் போகும். இவர் அதை மேஜை முன்னால் நின்று நடித்துக் காட்டினார். உதட்டை நீட்டி, கண்ணை உருட்டி, யாரையோ பழிப்புக் காட்டுவது போல. நாங்கள் அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்தோம். சிரித்துக்கொண்டே எல்லாரும் உதட்டை நீட்டினோம். அன்றைக்கு வந்த அந்த உச்சரிப்பு இன்றுவரை எனக்குப் போகவில்லை.

இரண்டு வகுப்பிலும் சிரிப்பு இருந்தது. ஒன்று வாயை மூடியது, மற்றது வாயைத் திறந்தது. இந்த வித்தியாசத்தைத்தான் 20ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் ஆராய்ச்சியாளர்கள் எண்ணிப் பார்க்கத் தொடங்கினார்கள்.

1977இல் கப்லான், பாஸ்கோ என்ற இருவர் அமெரிக்காவில் 508 கல்லூரி மாணவர்களை வைத்துச் சோதித்தார்கள். சிலருக்கு நகைச்சுவையே இல்லாத விரிவுரை. சிலருக்குப் பாடத்தோடு சம்பந்தப்பட்ட வேடிக்கை உதாரணங்கள். சிலருக்குச் சம்பந்தமில்லாத வேடிக்கை. உடனே தேர்வு வைத்தபோது பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆறு வாரம் கழித்து மறுபடி வைத்தார்கள். வேடிக்கை உதாரணம் எந்தக் கருத்துக்குச் சொல்லப்பட்டதோ அந்தக் கருத்து நன்றாக நினைவில் நின்றது. மற்றவற்றுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை.

1988இல் இஸ்ரேலில் அவ்னர் ஸீவ் இதையே ஒரு முழுப் பருவத்துக்குச் செய்து பார்த்தார். புள்ளியியல் பாடம், 161 மாணவர்கள். பாடமே தூக்கம் வரவழைப்பது. ஒரு பிரிவுக்கு நகைச்சுவையோடு, மற்றதற்கு நகைச்சுவை இல்லாமல். முறை எளிது: முதலில் கருத்தைச் சொல்வது, பிறகு அதே கருத்தை வைத்து ஒரு ஜோக், பிறகு கருத்தை இன்னொரு விதமாகத் திருப்பிச் சொல்வது. ஒரு வகுப்புக்கு மூன்று நான்குக்கு மேல் கிடையாது. பருவத் தேர்வில் சிரித்த பிரிவு கூடுதல் மதிப்பெண் வாங்கியது. இன்னொரு முறை உளவியல் பாடத்தில் 132 மாணவிகளை வைத்துச் செய்தார், அதே பலன்.

பிறகு வந்தவர்களில் மெலிசா வான்சர், ஆன் பிரைமியர் இருவரும் முக்கியமானவர்கள். ஆசிரியர் சொல்கிற நகைச்சுவையில் எது தகும், எது தகாது என்று 2006இல் மாணவர்களிடமே கேட்டு வகைப்படுத்தினார்கள். பாடத்தோடு ஒட்டியது தகும். மாணவனின் அறிவையோ, தோற்றத்தையோ, பிறப்பையோ இழுத்தால் தகாது. ஆசிரியர் தம்மையே கேலி செய்துகொள்வது மட்டும் இரண்டு பட்டியலிலும் வந்தது. அளவோடு இருந்தால் அழகு, மீறினால் மரியாதை போய்விடும் என்று நான் புரிந்துகொள்கிறேன். 2010இல் வந்த அடுத்த ஆய்வில், கற்றலோடு சேர்ந்து போனது பாடத்தோடு ஒட்டிய நகைச்சுவைதான் என்று கண்டார்கள். சிறுமைப்படுத்தும் ஜோக்குக்கு அந்தத் தொடர்பு இல்லை.

ஆஸ்பத்திரிப் பக்கம் வருவோம். அங்கே சிரிப்பை முதலில் எண்ணியவர்களில் ஒருவர் ரோஸ் லாப் கோசர் என்ற சமூகவியல் அறிஞர். 1959இல் வார்டு நோயாளிகளின் நகைச்சுவையைப் பற்றி எழுதினார். படுக்கையில் கிடப்பவர்கள் சாப்பாட்டையும் ஊசியையும் விதிமுறைகளையும் ஜோக்காகக் குறை சொல்வார்கள். அப்படிச் சொல்லும்போது ஒருவரின் பயம் பத்துப் பேரின் பயமாகப் பங்கு போடப்படுகிறது. பங்கு போட்டால் பாரம் குறைகிறது.

மறு வருஷம் அவர் எழுதியது இன்னும் சுவாரசியம். ஒரு மனநல ஆஸ்பத்திரியின் அலுவலர் கூட்டங்களில் யார் யார் ஜோக் சொல்கிறார்கள், யாரைக் குறிவைத்து என்று குறித்துக்கொண்டார். மூத்த டாக்டர்கள் அதிகம் சொன்னார்கள், இளையவர்கள் குறைவாக, மற்ற ஊழியர்கள் மிகக் குறைவாக. கேலி மேலிருந்து கீழேதான் பாய்ந்தது. இளையவர் யாரும் கூட்டத்தில் இருந்த மூத்தவரைக் கேலி செய்யவில்லை. மொத்தம் 103 ஜோக்குகளில் 99ஐச் சொன்னவர்கள் ஆண்கள். பெண்கள் சிரித்தார்கள், சொல்லவில்லை.

அரசு அலுவலகத்தில் காலம் தள்ளிய யாருக்கும் இதற்கு ஆராய்ச்சி தேவையில்லை. அதிகாரி ஜோக் சொன்னால் சிரிக்க வேண்டும் என்பது பணி விதிகளில் அச்சடிக்காத ஒரு விதி. முதலில் சிரிப்பவர் ஹெட் கிளார்க், கடைசியில் சிரிப்பவர் பியூன். அதே ஜோக்கைப் பியூன் சொல்லியிருந்தால் மெமோ வந்திருக்கும்.

1976இல் நோர்மன் கசின்ஸ் என்ற அமெரிக்கப் பத்திரிகை ஆசிரியர், ஒரு பெரிய மருத்துவ இதழில் தம் நோயின் கதையை எழுதினார். 1964இல் மூட்டும் முதுகும் இறுகிப் படுத்த படுக்கையானார். வைட்டமின் சி மருந்தோடு, மார்க்ஸ் சகோதரர்களின் சினிமாவும் தொலைக்காட்சி வேடிக்கைகளும் போட்டுப் பார்த்தார். பத்து நிமிஷம் வயிறு குலுங்கச் சிரித்தால் இரண்டு மணி நேரம் வலியில்லாமல் தூங்க முடிந்தது என்றார். 1979இல் புத்தகமாக வந்து உலகம் முழுவதும் பரவியது. சிரிப்பு வைத்தியம் என்று இன்று யார் பேசினாலும் மூலம் இதுதான்.

ஒரே ஒரு நோயாளியின் கதை; சிரிப்பா, வைட்டமினா, தானாகவே குணமானதா என்று பிரிக்க முடியாது. மருத்துவர்கள் இதைச் சுட்டிக்காட்டியது நியாயமே. ஆனால் அந்தக் கதையில் பலர் தாண்டிப் போகிற ஓர் இடம் இருக்கிறது. அவருடைய டாக்டர் அவரைப் பேசவிட்டார். நோயாளியின் யோசனையை உட்கார்ந்து கேட்டு, சரி, செய்து பார்ப்போம் என்றார். சிரிப்புச் சத்தம் மற்ற நோயாளிகளுக்குத் தொந்தரவாக இருக்கவே, ஓட்டல் அறைக்கு மாறினார்கள். செலவும் குறைந்தது! சினிமாவைத் தேர்ந்தெடுத்தது நோயாளி. மொந்துவீலின் நோயாளிக்குக் கிடைக்காத உரிமை அது.

நம் நாட்டிலும் ஓர் உதாரணம் உண்டு. 1995 மார்ச் 13ஆம் தேதி மும்பையில் ஒரு பூங்காவில் டாக்டர் மதன் கட்டாரியா ஐந்து பேரோடு சிரிப்புச் சங்கம் தொடங்கினார். நாளுக்கு ஒருவர் ஜோக் சொல்வது ஏற்பாடு. இரண்டு வாரத்துக்குள் நல்ல ஜோக் தீர்ந்துபோய், பிறரைப் புண்படுத்துகிற ஜோக்குகள் வர ஆரம்பித்தன. முகம் சுளித்தார்கள். அதன் பிறகுதான் ஜோக்கே இல்லாமல் கையைத் தட்டிச் சிரிக்கும் முறையைக் கொண்டுவந்தார். சரக்கு தீர்ந்தால் எள்ளல் எட்டிப் பார்க்கும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

குழந்தைகள் வார்டில் கோமாளிகள் வந்தது 1986இல், நியூயார்க்கில். மைக்கேல் கிறிஸ்டென்சன் என்ற சர்க்கஸ் கோமாளி தொடங்கி வைத்தார். அவரோடு வேலை பார்த்த கரோலின் சைமண்ட்ஸ் 1991இல் பிரான்சில் "ல ரீர் மெதிசேன்" என்ற அமைப்பை ஆரம்பித்தார். சிரிப்பு வைத்தியர் என்று பொருள். பாரீசை ஒட்டிய வில்ழூயிஃப் புற்றுநோய் ஆஸ்பத்திரி அவர்கள் முதலில் போன இடங்களில் ஒன்று. இவர்கள் சும்மா மூக்கில் சிவப்புப் பந்தை மாட்டிக்கொண்டு வருகிற தன்னார்வலர்கள் அல்ல. பயிற்சி பெற்ற, சம்பளம் வாங்குகிற நடிகர்கள். எப்போதும் இரண்டு பேராகப் போவார்கள். வார்டுக்குள் நுழையுமுன் நர்சுகளிடம் ஒவ்வொரு குழந்தையின் நிலையையும் கேட்டுக்கொள்வார்கள்.

அறை வாசலில் நின்று, உள்ளே வரலாமா என்று குழந்தையைக் கேட்பார்கள். குழந்தை வேண்டாம் என்றால் போய்விடுவார்கள். இதை முதலில் படித்தபோது கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் குழந்தை ஊசிக்கு வேண்டாம் என்று சொல்ல முடியாது. மாத்திரைக்குச் சொல்ல முடியாது. இந்தக் கோமாளியிடம் மட்டும் சொல்லலாம்.

இதற்குப் பலன் உண்டா என்றும் சோதித்தார்கள். 2005இல் இத்தாலியின் ஃப்ளோரன்ஸ் நகர ஆராய்ச்சியாளர்கள், அறுவை சிகிச்சைக்குப் போகும் 5 முதல் 12 வயதுக் குழந்தைகள் 40 பேரில் பாதிப் பேருக்கு, மயக்க மருந்து கொடுக்கும்வரை கோமாளிகளைக் கூட இருக்கச் செய்தார்கள். அந்தக் குழந்தைகளின் பதற்றம் குறைந்திருந்தது. ஆனால் அங்கிருந்த மருத்துவ ஊழியர்களில் பெரும்பாலோர், குழந்தைகளுக்கு நல்லதுதான், எங்கள் வேலைக்கு இடைஞ்சல், அறுவை அறையில் தொடர வேண்டாம் என்றார்கள். 2020இல் பிரேசில் நாட்டினர் 24 ஆய்வுகளை, மொத்தம் 1,612 குழந்தைகள் சம்பந்தப்பட்டவற்றை, சேர்த்துப் பார்த்தார்கள். பதற்றம் குறைய உதவக்கூடும் என்பதே அதிலும் தெரிந்தது.

பெரியவர்களின் கதைக்கு வருகிறேன். 1997இல் வெண்டி லெவின்சன் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் அமெரிக்காவில் 59 பொது மருத்துவர்களும் 65 அறுவை நிபுணர்களும் நோயாளிகளோடு பேசுவதை ஒலிப்பதிவு செய்தார்கள். ஒவ்வொருவருக்கும் பத்து நோயாளிகள். மருத்துவத் தவறு என்று நோயாளிகள் வழக்குப் போட்டவர்களுக்கும், ஒரு வழக்கும் இல்லாதவர்களுக்கும் பேச்சில் என்ன வித்தியாசம் என்பது கேள்வி. வழக்கு இல்லாத பொது மருத்துவர்கள் அதிகம் சிரித்தார்கள், நகைச்சுவையாகப் பேசினார்கள். ஒரு நோயாளிக்குச் சராசரி 18.3 நிமிஷம் ஒதுக்கினார்கள். மற்றவர்கள் 15 நிமிஷம். மூன்றே நிமிஷ வித்தியாசம். அறுவை நிபுணர்களிடம் இந்த வித்தியாசம் தெரியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

சிரித்த டாக்டர்கள் வேறு என்ன செய்தார்கள் என்று பார்த்தால் விஷயம் விளங்கும். முதலில் பரிசோதிக்கிறேன், பிறகு பேசுவோம், கேள்வி கேட்க நேரம் இருக்கிறது என்று முன்கூட்டியே சொன்னார்கள். நோயாளியின் அபிப்பிராயத்தைக் கேட்டார்கள். சொன்னது புரிந்ததா என்று பார்த்தார்கள். பேச்சுக்கு இடம் கொடுத்த அறையில் சிரிப்பு தானாக வந்தது. இதற்கு ராபர்ட் புரோவைன் என்ற நரம்பியல் அறிஞரின் கணக்கும் துணை நிற்கிறது. பொது இடங்களில் 1,200 சிரிப்புகளைக் கவனித்தார். பெரும்பாலானவை ஜோக்குக்கு வந்த சிரிப்பே அல்ல. "அப்படியா", "போய்ட்டு வரேன்" போன்ற சாதாரணப் பேச்சைத் தொடர்ந்து வந்தவை. மனிதர் தனியாக இருப்பதை விடக் கூட்டத்தில் இருக்கும்போது முப்பது மடங்கு அதிகம் சிரிக்கிறார் என்றும் கண்டார். நான் உன்னோடு இருக்கிறேன் என்று சொல்வதற்கு மனிதன் வைத்திருக்கும் சத்தம் அது.

நம் வயதில் இது ஏன் முக்கியம்? மூத்திரம் கட்டுப்படவில்லை, இரவில் தூக்கத்தில் பயம் வருகிறது, மருந்து வாங்கக் காசு போதாமல் பாதிதான் சாப்பிடுகிறேன் என்பதையெல்லாம் டாக்டரிடம் சொல்ல நமக்கு நாக்கு எழுவதில்லை. முட்டி வலிக்கிறது என்று சொன்னதும், "என்ன தாத்தா, ஓட்டப்பந்தயத்துக்கா போகப்போறீங்க?" என்று ஒரு கேலி வந்தால், கூட இருக்கும் நர்சும் சிரிப்பார், நாமும் சிரித்து வைப்போம். அடுத்து சொல்ல வந்ததை விழுங்கிவிடுவோம். விழுங்கிய அந்த ஒன்றில்தான் நோய் இருந்திருக்கலாம். அந்த டாக்டர் கெட்டவர் அல்ல. கலகலப்பாகப் பேசியதாகவே நினைத்திருப்பார்.

அதனால் என் பக்கத்து யோசனை இரண்டு. உங்கள் டாக்டர் சிரித்துப் பேசுகிறவரா என்று பார்ப்பதோடு நிற்க வேண்டாம். சிரித்த பிறகு உங்களை ஒரு கேள்வி கேட்கிறாரா, பதில் முடியும்வரை காத்திருக்கிறாரா என்று பாருங்கள். கேட்கிறார் என்றால் அவரை விட்டுவிடாதீர்கள். கேலி மட்டும் வந்து கேள்வி வரவில்லை என்றால், சொல்ல வந்ததை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போய் மேஜையில் வையுங்கள். எழுதி வைத்ததைச் சிரித்துத் தள்ளுவது அவ்வளவு சுலபம் அல்ல. கோப்புகளோடு வாழ்ந்தவன் என்ற முறையில் இதை நான் உறுதியாகச் சொல்வேன்.

இரண்டாவது, பேரப்பிள்ளைகள் விஷயம். ஆன்லைன் வகுப்போ, பள்ளி வகுப்போ, வீட்டுக்கு வந்து "இன்னைக்கு மிஸ் செம ஜோக் அடிச்சாங்க" என்று குழந்தை சொன்னால், ஜோக் என்ன என்று கேளுங்கள். பாடத்தைப் பற்றியதாக இருந்தால் அந்த டீச்சரைப் பார்க்கும்போது ஒரு வார்த்தை பாராட்டுங்கள். பக்கத்து பெஞ்சுப் பிள்ளையைப் பற்றியதாக இருந்தால், அந்தப் பிள்ளை அப்புறம் பேசிற்றா என்று கேளுங்கள்.